மூன்று தொட்டி, ஒரு கறுப்புப் பை

மனிதரில் ஒரு வகைக்கு நான் பூமியப்பா என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர்தான் என்னுடையது, ஆசாமி எல்லா இடத்திலும் கிடைப்பவர். நாலு வீடு சேர்ந்தாற்போல் இருந்தால் அதில் ஒன்றில் கட்டாயம் இருப்பார். பெண்ணாயிருந்தால் பூமியம்மா. பெற்ற பிள்ளைக்கு அப்பாவாக இருப்பது போதாதென்று மொத்தப் பூமிக்கும் அப்பாவாகப் பொறுப்பேற்றுக்கொண்டவர் இவர். பூமி கேட்டுக்கொண்டதா என்கிறீர்களா? பூமியைக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் ஆகுமா?

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஐந்து வயதுக் குழந்தை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்காருவார். முழங்கால் இரண்டும் மடக்கென்று சத்தம் போடும். குழந்தையிடம் பேசுவதென்றால் அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். கண்ணோடு குரலும் இறங்கும். சற்றுமுன் போனில் யார்மேலோ எரிந்து விழுந்த அதே தொண்டையிலிருந்து தேன் வடியும்.

"கண்ணம்மா, குழாயை ஏன் மூடணும்? ஏன்னு சொல்லு பார்ப்போம்?"

"நீ திட்டுவ."

பதில் சரிதான், ஆனால் பாடத்தில் இல்லாதது. ஆகவே பூமியப்பா முதலிலிருந்து ஆரம்பிப்பார். மேகம், மழை, ஆறு, மீன், மீனின் குடும்பம், மீன் குஞ்சு அம்மாவைத் தேடி அழுவது என்று எல்லாம் வரும். குழந்தை வாய் நிறையப் பற்பசை நுரையோடு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், மீனுக்காகக் கண்கலங்கி நிற்கும். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரில் பல் துலக்கி முடித்துவிடும். பூமி பிழைத்தது. பிறகு பூமியப்பா குளிக்கப் போவார். இருபத்தைந்து நிமிடம் ஷவர் கொட்டும், கூடவே பாட்டும் கேட்கும். அடுத்த பாடத்துக்கான யோசனை அவருக்கு ஷவரடியில்தான் வருமாம். ஆகவே அந்தத் தண்ணீர் வீணான கணக்கில் வராது, படிப்புக் கணக்கில் போகும்.

பூமி சூடாவதைப் பற்றிக் குழந்தைக்கு எடுத்துச் சொல்ல இவர் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்வார். காகிதத்தைச் சேமிப்போம் என்று பளபளக்கும் தாளில் நாற்பது பிரதி அச்சடித்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையும் போட்டு மாடிப்படி நெடுக ஒட்டுவார். 'நடந்தே பள்ளி செல்வோம்' அட்டையைக் கசங்காமல் பள்ளியில் சேர்ப்பதற்காகக் காரை எடுப்பார். பள்ளி அடுத்த தெருவில் இருக்கும். துணிப்பை அவரிடம் பதினேழு உண்டு. பதினேழும் வீட்டு அலமாரியில் இருக்கும். கடைக்குப் போனபின் அது ஞாபகம் வந்து, பிளாஸ்டிக் பை வாங்கக் கூடாதே என்று பதினெட்டாவது துணிப்பையை வாங்குவார். அதைத் தருபவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? என் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். மூன்றாம் மாடியில் அவர் கதவும் என் கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன். வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது.

எங்கள் பூமியப்பாவுக்கு உத்தியோகம் பொட்டலம் கட்டும் கம்பெனியில். ஒரு சோப்பைக் காகிதத்தில் சுற்றி, அதை அட்டைப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டிக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டி, அப்படி மூன்றைச் சேர்த்து இன்னொரு பெட்டியில் போடுவது எப்படி என்று யோசித்துச் சொல்பவர். கடைசிப் பெட்டியின் மேல் ஒரு பச்சை இலைப் படம் போடலாம் என்பதும் அவர் யோசனைதான். அதற்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும். ஒரே மகள், வயது ஐந்து. வாண்டு என்று கூப்பிடுவார்கள். இருபத்தொன்பது வரை பிசகாமல் எண்ணுவாள். அதற்குமேல் அவள் கணக்கில் இருபத்திப் பத்து.

ஒருநாள் பூமியப்பா மூன்று குப்பைத் தொட்டி வாங்கி வந்தார். பச்சை, நீலம், சிவப்பு. மக்குவது பச்சையில், மறுபடி பயன்படுவது நீலத்தில், எதற்கும் உதவாதது சிவப்பில். தொட்டிகள் வந்த பெட்டியும், பெட்டிக்குள் அடைத்திருந்த வெள்ளைத் தெர்மோகோலும், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்தே சிவப்புத் தொட்டியை நிறைத்துவிட்டன. பரவாயில்லை, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

அன்று தயிர் டப்பா ஒன்று காலியாகியிருந்தது. பூமியப்பா குத்துக்காலிட்டார். மடக்.

"இதைக் கழுவி நீலத்துல போட்டா என்ன ஆகும் தெரியுமா? குப்பை எடுக்கிற அக்கா லாரியில கொண்டுபோவாங்க. அங்கேருந்து தொழிற்சாலைக்குப் போகும். அங்க உருக்கி, முப்பது டப்பா சேர்ந்தா ஒரு குட்டி நாற்காலி!"

"யாருக்கு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பூமிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் போனில் படம் எடுக்கத் தயாராகிவிட்டார். குழந்தை முகம் மலர வேண்டும்.

"உனக்குத்தான்!"

முகம் மலர்ந்தது. படம் சரியாக விழவில்லை. "டப்பாவை எடுத்து மறுபடி கழுவு, கண்ணா. குழாயைத் திற. இந்தப் பக்கம் பாரு. இன்னொரு தடவை திற." நாலாம் தடவை படம் விழுந்தது. 'ஒவ்வொரு சொட்டும் பொன்' என்று கீழே எழுதி, குடியிருப்போர் எல்லாருக்கும் அனுப்பினார். எனக்கும் வந்தது. நானும் கைதட்டும் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன், என்னத்தைச் சொல்ல.

வாண்டுக்கு அந்த வீட்டில் தன் அளவுக்கு ஒரு நாற்காலி கிடையாது. சாப்பாட்டு மேசையில் மூன்று தலையணையை அடுக்கி அதன்மேல் உட்காருவாள். நடுத் தலையணை வழுக்கினால் ஆள் மேசைக்கு அடியில் போய்விடுவாள். ஆகவே அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலையாகிவிட்டது. தயிர் பிடிக்காத பிள்ளை தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. ஒவ்வொரு டப்பாவையும் ஓரம் ஒட்டினது போகக் கழுவித் துடைத்து, அடியில் ஆரஞ்சு மெழுகுக் குச்சியால் ஒரு சூரியன் வரைந்து நீலத்தில் போட்டாள். எதற்கடி சூரியன் என்று அவள் அம்மா கேட்டதற்கு, "வேற பிள்ளை நாற்காலியோட மாறிடக் கூடாதில்ல?" என்றாளாம். ஜன்னல் ஓரத்தில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு, "இது என் நாற்காலி இடம், யாரும் மிதிக்காதீங்க" என்று உத்தரவும் போட்டுவிட்டாள். நான் ஏதோ கடிதம் கொடுக்கப் போனபோது என் காலையும் தள்ளிவிட்டாள்.

இனி பூமியப்பா செய்ததைச் சொல்கிறேன். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரம். லாரி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு கையில் டை, ஒரு கையில் போன். அப்போது மூன்று தொட்டிக்கு மூன்று பை கட்டிக்கொண்டிருக்க முடியுமா? பெரிய கறுப்புப் பை ஒன்றை விரிப்பார். பச்சையைக் கவிழ்ப்பார், நீலத்தைக் கவிழ்ப்பார், சிவப்பைக் கவிழ்ப்பார், ஒரே முடிச்சாகப் போட்டு வாசலில் வைத்து, இறங்கும்போது கீழே கொண்டுபோவார். தினமும் இதேதான். தயிர் டப்பாக்களின் சூரியன்மேல் பழத்தோலும் பழைய சாதமும் போய் அப்பிக்கொள்ளும்.

"என்னங்க இது, பிரிச்சது எதுக்கு?" என்று மனைவி ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"லாரியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. நாம மட்டும் பிரிச்சு என்ன ஆகப்போகுது?"

"நீங்க பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

இந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இருக்கிறதே, பூமியப்பாக்களுக்கு அது பெரிய துணை. அதை யாரும் போய்ப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்தவரைத் தெரிந்தவரையும் பார்த்திருக்கமாட்டார்கள்.

வாண்டு செருப்பு மாட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏன்பா எல்லாம் ஒண்ணா?" என்று கேட்டும் பார்த்தாள். "இது கடைசி வேலைம்மா, பெரியவங்க பண்றது" என்றார் அப்பா. அவள் தலையாட்டிக்கொண்டாள். சந்தேகப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

இருபத்தொன்பது டப்பா ஆயிற்று. இருபத்திப் பத்தும் ஆயிற்று. "நாற்காலி எப்பப்பா வரும்?" என்று சாயங்காலம்தோறும் கேள்வி ஆரம்பமாயிற்று. உருக்கிட்டிருக்காங்க என்றார். ஆறணும் என்றார். கால் மாட்டிட்டிருக்காங்க என்றார். ஒரு நாற்காலிக்கு எத்தனை நாள்தான் கால் மாட்டுவார்கள்?

இந்தச் சமயத்தில்தான் பள்ளியில் சூழல் வாரம் வந்தது. பூமியப்பா பள்ளிக்கும் அனுப்பியிருந்த படங்களை டீச்சர் பார்த்திருந்தார். இந்த வீட்டைப் போய்ப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று சனிக்கிழமை காலை ஆறு பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டார். பூமியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பன்னிரண்டு பூந்தொட்டி வந்து இறங்கியது. மூன்றில் விலைச் சீட்டை எடுக்க மறந்துபோயிற்று. அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஏ.சி. அணைந்தது. நானும் போனேன். அண்டைவீட்டுச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.

எல்லாரும் வியர்த்து வழிந்து நிற்க, வாண்டு தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள்.

"பழத்தோல் பச்சையில போடணும். டப்பா கழுவி நீலத்துல போடணும். கிழிஞ்ச பொம்மை சிவப்புல போடணும்."

டீச்சர் பூரித்துப்போனார். "சூப்பர்! அப்புறம்?"

"அப்புறம் அப்பா எல்லாத்தையும் இந்தக் கறுப்புப் பையில ஒண்ணாக் கொட்டுவாங்க. அது கடைசி வேலை. பெரியவங்கதான் பண்ணணும்."

அடுப்படி ஓரத்தில் மடித்து வைத்திருந்த பையை எடுத்து வந்து, உதறி, விரித்தும் காட்டினாள். ஒரு குறும்பும் இல்லை. கற்றுக்கொண்டதை ஒன்று விடாமல் ஒப்பித்த திருப்தி மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. ஒரு பையன் தன் அம்மாவிடம், "நம்ம வீட்டுல அந்தக் கடைசி வேலை மட்டும்தான்மா பண்றோம்" என்றான். அந்த அம்மா அவசரமாகப் பூந்தொட்டியை ரசிக்க ஆரம்பித்தார்.

பூமியப்பா தொண்டையைக் கனைத்தார். "அது வந்து டீச்சர்... நம்ம பக்கம் நாம சரியா பண்றோம். லாரியில அவங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடறாங்க. இந்தச் சிஸ்டமே..."

சிஸ்டம் என்ற சொல் வந்துவிட்டால் பூமியப்பா தப்பித்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அன்று திறந்திருந்த வாசலில் குப்பை எடுக்கும் அம்மா வந்து நின்றிருந்தார். சனிக்கிழமைகளில் அவரே மேலே ஏறி வருவார். கையில் ரப்பர் கையுறை.

"லாரியில மூணு அறை இருக்கு சார்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "இந்தக் கட்டடத்துல பாதி வீட்டுக்கு மேல பிரிச்சுத்தான் குடுக்கறாங்க. ஒண்ணாக் கட்டி வர்ற பையை நான் கீழ கொட்டி, கையால பிரிச்சுப் போடுவேன். உங்க வீட்டுப் பை எது, உங்க எதிர்வீட்டுப் பை எதுன்னுகூட எனக்குத் தெரியும்."

எதிர்வீடு என்று அவர் எதற்குச் சொன்னாரோ. நான் கூரையில் மின்விசிறி எத்தனை இறக்கையோடு சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பையில ஒரு ஆச்சரியம் சார்," என்று அவர் தொடர்ந்தார். "அவ்வளவு அழுக்குக்கு நடுவுல தயிர் டப்பா மட்டும் ஓரமெல்லாம் தேய்ச்சுக் கழுவி இருக்கும். அடியில சூரியன் வரைஞ்சிருக்கும். இவ்வளவு பொறுப்பா கழுவறவங்க ஏன் இதுல போடறாங்கன்னு நினைச்சுப்பேன்."

வாண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அது நான்தான் அக்கா. என் நாற்காலி எங்க?"

"என்ன நாற்காலி கண்ணு?"

"இருபத்திப் பத்து டப்பா குடுத்தேன் இல்ல? அதுல பண்ணின நாற்காலி. உங்ககிட்டதான் இருக்காம்."

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தார். பூமியப்பாவைப் பார்த்தார். அப்போது அவர் நினைத்திருந்தால் இரண்டு வார்த்தையில் பூமியப்பாவைத் தீர்த்துக் கட்டியிருக்கலாம். "எங்கிட்ட இன்னும் வரல கண்ணு. அப்பாவைக் கேட்டுப் பாரு," என்றார். எனக்கு அந்த அம்மாமேல் பெரிய மரியாதை வந்தது.

"நீங்க பையைப் பிரிக்கும்போது எதுல உக்காருவீங்க?"

"தரையிலதான்."

"உங்களுக்கும் நாற்காலி இல்லையா?" என்றாள் வாண்டு. அவள் குரலில் இருந்த கவலையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. டீச்சர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

பூமியப்பாக்கள் எளிதில் தோற்பதில்லை. திங்கட்கிழமையே ஒரு பெட்டி வந்தது. ஆளுயரப் பெட்டி; பக்கத்தில் பச்சை இலைப் படம். எனக்குப் புரிந்துவிட்டது. அது அவர் கம்பெனிப் பெட்டிதான். என் கதவைச் சற்றே திறந்துவைத்துக்கொண்டு செருப்பைத் துடைக்கலானேன்.

"வந்துடுச்சு பாத்தியா!" என்று அவர் வாசலிலேயே பெட்டியைக் கிழித்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் தெர்மோகோல், அதற்குள் குமிழ் குமிழான பிளாஸ்டிக், அதற்குள் நாலு காலுக்கும் தனித்தனிச் சட்டை. கடைசியாக முழங்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் நாற்காலி எட்டிப் பார்த்தது. களைத்துப்போய் அவர் தரையில் அந்தக் குப்பைக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

வாண்டு நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடிப்பக்கம், நாலு கால், முதுகுப்பக்கம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடறே?"

"சூரியன்."

உருக்கினால் சூரியன் அழிந்துவிடும் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். வாய் திறந்ததை நான் பார்த்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றதையும் பார்த்தேன். அந்த வார்த்தை வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது; அதற்காக மட்டும் அவரை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

"இது உன் டப்பாவுல பண்ணினது இல்லம்மா. அப்பா கடையில வாங்கினேன்."

"அப்ப என் டப்பா?"

"அழுக்காயிடுச்சு. அப்பாதான் எல்லாத்தோடயும் சேர்த்துப் போட்டுட்டேன்."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எதிரே வந்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, அவர் கண் மட்டத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஐந்து வயது முழங்கால், சத்தமே வரவில்லை. குரலைத் தாழ்த்தி, தேனாக்கி, மெதுவாகக் கேட்டாள்:

"ஏன்? ஏன்னு சொல்லு பார்ப்போம்?"

மேகம், மழை, ஆறு, மீன் எல்லாம் தெரிந்த மனிதர் தரையில் கிடந்த தெர்மோகோலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அவர் மூன்று பையோடு கீழே இறங்கினார். மனைவியைப் படம் எடுக்கச் சொன்னார். முதல் படத்தில் கண் மூடிவிட்டதால் மறுபடி மேலே வந்து மறுபடி இறங்கினார், இரண்டு தடவையும் லிஃப்டில். ஆனாலும் பை மூன்று என்பது மூன்றுதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மஞ்சள் நாற்காலி இப்போது கீழே லாரி வந்து நிற்கும் இடத்தில் கிடக்கிறது. வாண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். குப்பை எடுக்கும் அம்மாவுக்கு அது ரொம்பத் தாழ்வு. இருந்தாலும் அதில்தான் முழங்காலை மடக்கி உட்காருகிறார். ஜன்னலோரச் சாக்கட்டிக் கட்டம் அழியவில்லை. வாண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு நேரம் எதிர்வீட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தத் திங்கட்கிழமை சிரித்தபடியே கதவைச் சாத்தப் போனபோது வாண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாசலில் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருந்த கறுப்புப் பையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, நிதானமாக என் பக்கம் நடந்து வந்தாள். செருப்புத் துடைக்க நான் கீழேதான் உட்கார்ந்திருந்தேன், ஓட வழியில்லை.

உங்கள் வாசலில் இருக்கும் பை என்ன நிறம் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஐந்து வயதில் ஒன்று இருந்தால், அது உங்கள் எதிரே வந்து பாவாடையையோ கால்சட்டையையோ ஒதுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டால், எழுந்து நின்றுகொள்ளுங்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.